உதைக்கு முன்னால் ஒரு குதி

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஒரு டேக்வாண்டோ போட்டிக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கலந்துகொள்கிறாள், துணைக்கு வாங்க ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். எனக்கென்ன வேலை? ரிட்டயர் ஆன பி.டி. டீச்சருக்கு ஞாயிறும் ஒன்றுதான், செவ்வாயும் ஒன்றுதான். கிளம்பிவிட்டேன்.

கேலரியில் எனக்குப் பக்கத்தில் ஒரு அப்பா. கையில் போன். கீழே போட்டி விரிப்பில் யார் காலைத் தூக்கினாலும், "ரவுண்ட் கிக்! சூப்பர் ரவுண்ட் கிக்!" என்று கமென்ட்ரி. பத்துக்கு எட்டு தப்பு. மனுஷி எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கொள்வாள்?

"சார், இப்ப வரப்போறது சைட் கிக்" என்றேன்.

"இன்னும் உதைக்கவே இல்லையே! எப்படிங்க சொல்றீங்க?"

"உதைக்கிற காலைப் பார்க்காதீங்க. நிக்கிற காலைப் பாருங்க. குதிகால் எதிராளி பக்கம் திரும்பிடுச்சு பாருங்க... அப்ப சைட் கிக்தான்."

அவர் என் நரைமுடியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது பலகை உடைக்கும் சுற்று. பெரம்பலூரிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். முட்டியைத் தூக்கினாள். உதைப்பதற்கு முன்னால், நின்ற காலில் ஒரு குட்டிக் குதி. அப்புறம் "ஸ்ஸ்ஆ!" என்று ஒரு சத்தம். பலகை இரண்டு துண்டு. கைதட்டல்.

"அந்தக் குதி என்னங்க ஆன்ட்டி? கொரியாவுல புதுசா வந்த டெக்னிக்கா?"

குடித்துக்கொண்டிருந்த டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. கொரியாவாவது ஒன்றாவது! அந்தக் குதி எந்த ஊரில் பிறந்தது, எந்தத் தரையில் பிறந்தது என்று தெரிந்தவர்களில் இன்றைக்கு வாய் திறக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். இத்தனை வருஷம் திறக்கவில்லை. இன்றைக்குத் திறக்கிறேன்... உங்களோடு இருக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். உடற்கல்விப் பயிற்சி முடித்துவிட்டு அரியலூரில் எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் மாட்ட விசில் இருந்தது, வெள்ளை கேன்வாஸ் ஷூ இருந்தது, வேலைதான் இல்லை. பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் இடம் காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். தாளாளர் என் சர்டிபிகேட்டுகளைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஓடுறது, தாண்டுறது எல்லாம் எல்லாருக்கும் தெரியும்மா. கராத்தே தெரியுமா?"

அப்போது ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல்தான். சலூன் சுவர், சைக்கிள் கடைக் கதவு, நோட்டுப் புத்தக அட்டை... எங்கே பார்த்தாலும் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆசாமி நிற்பான்.

"கராத்தே சர்டிபிகேட் கொண்டாங்க. காலாண்டு லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கறப்ப சேர்த்துக்கறேன். இல்லாட்டி தஞ்சாவூர்ல இருந்து ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார்.

கையில் ஐந்து மாதம் இருந்தது. வேலை கிடைக்காவிட்டால், ஜெயங்கொண்டத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முந்திரி மேலும் இல்லை. ஆனால் எனக்கு விசில் ஊத வேண்டும். மைதானத்தின் நடுவில் நின்று, கன்னம் உப்ப ஊத வேண்டும். அதற்காகத்தான் படித்தேன்.

அரியலூரில் ஒரு ரைஸ்மில் வாசலில் 'கராத்தே' என்று ஒரு போர்டு தொங்கியது. உள்ளே சொல்லிக்கொடுத்தது டேக்வாண்டோ. அந்தப் பெயரைப் போர்டில் எழுதினால் ஈ, காக்காய்கூட வராது என்று மாஸ்டருக்குத் தெரியும். மொத்தம் பதினாறு பேர் சேர்ந்தோம். பதினைந்து ஆண்கள், நான் ஒருத்தி.

"காசு குடுத்து ஒதைக்கக் கத்துக்கப் போறாளாம்! கல்யாணம் ஆனா தானா வரும்டி அது" என்றாள் அம்மா. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாஸ்டருக்கு ஊர் திருச்சி. ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கும்போதே மணி பன்னிரண்டு ஆகிவிடும். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். ஆகவே வகுப்பு ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை. ஞாயிறு மில்லுக்கு லீவு என்பதால், நெல் காயப்போடும் சிமென்ட் களம் காலியாகக் கிடக்கும். சித்திரை மாதம், உச்சி வெயில், சிமென்ட் தரை, வெறுங்கால்... அப்பளத்தைப் போட்டால் எண்ணெய் இல்லாமலே பொரியும்.

மாஸ்டர் நல்லவர். வித்தைக்காரர். நாலு உதைகளைச் சொல்லிக்கொடுத்தார். முட்டியை நேராகத் தூக்கி முன்பாதத்தால் எட்டி உதைத்தால் ஆப் சாகி. முட்டியைப் பக்கவாட்டிலிருந்து வளைத்துக் கொண்டுவந்து புறங்காலால் அடித்தால் டோல்யோ சாகி. முட்டியை நெஞ்சுக்கு இழுத்து, உடம்பைச் சாய்த்து, பாதத்தின் ஓரத்தால் நேராகக் குத்தினால் யோப் சாகி. எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் குதிகாலால் விட்டால் டுவி சாகி. கேட்க எளிசாக இருக்கிறது, இல்லையா? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் எனக்கு மாதக்கணக்கில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் கால் பக்கவாட்டில் போகிறது, இரண்டிலும் வலிக்கிறது. மாஸ்டர் உதைத்துக் காட்டி, "இது என்ன?" என்பார். நான் டோல்யோ என்றால் அது யோப். யோப் என்றால் டோல்யோ.

ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் கவனித்தேன். மாஸ்டர் முட்டியைத் தூக்கியதும் நின்ற காலில் ஒரு குதி குதிப்பார். குதித்தபடியே திரும்புவார். அப்புறம் உதை. கூடவே "ஸ்ஸ்ஆ!" என்று ஒரு குரல். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் அழகாக எழுதிவைத்துக்கொள்வேன் — முட்டியைத் தூக்கு, குதி, திரும்பு, உதை, ஸ்ஸ்ஆ. பதினாறு பேரும் அப்படித்தான் பழகினோம். ஒரே நேரத்தில் பதினாறு குதி, பதினாறு ஸ்ஸ்ஆ. களமே அதிரும். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆடி மாதம் திருச்சியில் மஞ்சள் பெல்ட் தேர்வு. பெரிய ஹால். மொசைக் தரை, மேலே மின்விசிறி. மெட்ராஸிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்திருந்தார். திருச்சிக்காரர்கள் முடித்தார்கள், கரூர்க்காரர்கள் முடித்தார்கள். "அரியலூர்!" என்றார்கள். நாங்கள் வரிசையாக நின்றோம்.

"யோப் சாகி!"

பதினாறு குதி. பதினாறு ஸ்ஸ்ஆ.

ஹாலில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அப்புறம் கரூர்க்காரர்கள் சிரித்தார்கள் பாருங்கள்... இன்றைக்கும் கரூர் பஸ்ஸைப் பார்த்தால் எனக்குக் காது சுடும். எக்ஸாமினர் எழுந்து நேராக என்னிடம் வந்தார். பதினாறு பேரில் ஒரே பெண்ணாக இருந்தால் இதுதான் வசதி.

"என்னம்மா, எறும்பு கடிச்சுதா?"

"இல்லைங்க சார். அது... உதையில அது ஒரு பாகம்."

"எந்த உதையில?"

"எல்லா உதையிலயும் சார்."

அவர் எங்கள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து, உதையைப் பார்த்துப் பெயர் சொல்லும் சுற்று. எக்ஸாமினரின் உதவியாளர் உதைக்க உதைக்க நாங்கள் சொல்ல வேண்டும். அதில் என் கதை உங்களுக்கே தெரியும். பதினாறு பேரும் பெயில். புரட்டாசியில் இன்னொரு தேர்வு வைக்கிறோம், கடைசி வாய்ப்பு என்று சொல்லி அனுப்பினார்கள். அரியலூருக்கு ரயிலேறினோம். மாஸ்டர் எங்களோடு வரவில்லை, அவருக்கு ஊர் அதுதானே. எனக்கு ஜன்னலில் தெரிந்த மரமெல்லாம் முந்திரி மரமாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு களத்துக்குப் போனேன்; மாஸ்டரும் மற்றவர்களும் முன்பே வந்திருந்தார்கள். அங்கே பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயசுக்காரி. அந்த மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலாலேயே கோடு இழுத்து இழுத்துக் கிளறிவிடுகிற வேலை. மில்லுக்குப் பின்னால்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிழலில் உட்கார்ந்து, வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே எங்களை வேடிக்கை பார்ப்பாள். வேலையே கிடைக்காத என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிடுவாள். கிண்டல்தான்.

"என்ன டீச்சரம்மா, மொகம் தொங்கிக் கெடக்கு? பெயிலா?"

"குதிச்சதுக்குப் பெயில் போட்டுட்டாங்க."

"பின்ன? ஒதைக்கச் சொன்னா ஒதைக்கணும். எதுக்குக் குதிச்சீங்க?"

"அதுதான் முறை பச்சையம்மா. மாஸ்டரே குதிக்கிறாரே!"

அவள் என்னை அப்படியே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். மடியிலிருந்த கடலையெல்லாம் கொட்டிப்போயிற்று, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அட கடவுளே! அவரு சூடு தாங்காம குதிக்கிறாரு டீச்சரம்மா! வந்த அன்னைலேருந்து பாக்குறேன். பாவம், டவுன் காலு, பொசுங்குது... குதிக்கிறாரு. நீங்க எல்லாம் எதுக்குக் குதிக்கிறீங்க?"

பதினாறு பேரும் மாஸ்டர் பக்கம் திரும்பினோம். அவர் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துக் கட்டினார். திரும்பவும் அவிழ்த்துக் கட்டினார்.

"தரை... கொஞ்சம் சூடுதாங்க" என்றார்.

"அப்ப அந்த ஸ்ஸ்ஆ, மாஸ்டர்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அதுவும் சூடுதாம்ப்பா."

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! என் வேலை, என் விசில், என் ஐந்து மாதம் எல்லாம் இந்த மனிதரின் உள்ளங்கால் சூட்டில் பொசுங்கியிருக்கிறது. "நாங்க குதிக்கிறப்பவாவது சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?" என்று கேட்டேவிட்டேன்.

"எல்லாரும் ஒண்ணா குதிச்சீங்க. பார்க்க நல்லா இருந்துச்சும்மா. விட்டுட்டேன்" என்றார், தலையைச் சொறிந்துகொண்டே.

பார்க்க நல்லா இருந்துச்சாம்! இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அதை ஞாபகம் வைத்திருந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு மாஸ்டர் வெட்கத்தோடு வகுப்பை ஆரம்பித்தார். ஒரு உதையைக் காட்டி, "இது என்ன?" என்றார். நான் வழக்கம்போல் விழித்தேன். கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

"சாய்ச்சு ஒதை!"

யோப் சாகிதான். அடுத்ததைக் காட்டினார். "வளைச்சு ஒதை!" என்றாள். சரியாக டோல்யோ. மாஸ்டர் வேண்டுமென்றே முட்டியைத் தூக்கிப் பாதியிலேயே நிறுத்தினார். "இதுவா? மாட்டு ஒதை. முதுகக் காட்டிட்டாருல்ல." டுவி சாகி! ஒன்றுகூடத் தப்பவில்லை. கடலை உரிக்கிற கையும் நிற்கவில்லை.

நான் வகுப்பை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எப்படிடீ?" என்றேன்.

"தூக்குன காலையே பாத்தா என்னா தெரியும்? அது ஆளை ஏமாத்தும். கீழ நிக்கிற காலைப் பாருங்க. எட்டி ஒதைக்கிறப்ப அது சும்மா முன்ன பாத்து நிக்கும். வளைச்சு ஒதைக்கிறப்ப கட்டைவிரலு வெளிப்பக்கம் திரும்பும், முட்டி சுத்திக்கிட்டு வரும். சாய்ச்சு ஒதைக்கிறப்ப குதிகாலே எதிராளியப் பாத்துரும், முட்டி நெஞ்சாண்ட போயிரும்."

"இதையெல்லாம் யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? நாள் பூரா தலையக் குனிஞ்சுக்கிட்டு, காலைப் பாத்துக்கிட்டுத்தான வேலை செய்யுறேன்."

எழுந்து உள்ளே போனாள். ஒரு கோணிச் சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் கொண்டுவந்து களத்தில் என் காலடியில் போட்டாள். "இதுல நின்னு திரும்புங்க" என்றாள். நின்றேன். சில்லென்று இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நின்ற பாதம் முழுசாகத் திரும்பி, இடுப்பு திரும்பி, கால் நேராகப் போனது. பலம் எங்கேயிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நாலு மாதமாக ஒரு மாஸ்டருக்கும் பதினாறு சீடர்களுக்கும் தோன்றாத ஈரச் சாக்கு! அன்றைக்கே மில்லில் பதினேழு சாக்கு நனைந்தது.

புரட்டாசித் தேர்வில் பாஸ் செய்தேன். பாதியில் நிறுத்திய உதைகளுக்குக்கூடப் பெயர் சொன்னேன். எக்ஸாமினர் "வெரி குட், எறும்பு போயிடுச்சா?" என்றார். சர்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் அழுதேன். சந்தோஷத்தில்தான். எதிர் சீட்டில் இருந்தவர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு வாழைப்பழம் கொடுத்தார்.

லீவு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் பெரம்பலூருக்கு ஓடினேன். தாளாளர் சர்டிபிகேட்டைப் பார்த்தார். "மஞ்சள் பெல்ட்டா? மங்களகரமாத்தான் இருக்கு. கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்" என்று மைதானத்துக்குக் கூட்டிப்போனார். உச்சிப்பொழுது. கருங்கல் சரளை. நான் பையிலிருந்து கேன்வாஸ் ஷூவை எடுத்தேன்.

"கராத்தேன்னா வெறுங்கால்தானேம்மா?" என்றார்.

மறுத்துப் பேச முடியுமா? கழற்றினேன். சரளையில் கால் வைத்ததும் உயிர் உச்சந்தலைக்கு வந்துவிட்டது. பச்சையம்மாவை நினைத்துக்கொண்டேன். நின்ற காலை அழுத்தித் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். முட்டியைத் தூக்கினேன்...

குதித்துவிட்டேன். "ஸ்ஸ்ஆ!" வேறு.

போச்சு! ஜெயங்கொண்டம்தான். முந்திரிதான். கண்ணை மூடிக்கொண்டேன். படபடவென்று கைதட்டும் சத்தம் கேட்டது.

"இதும்மா கராத்தே! அந்தக் குதி இருக்கே... அதுல ஒரு வேகம், அதுல ஒரு சத்தம்! நீங்க திங்கக்கிழமையே வந்துடுங்க. ஒவ்வொரு பொண்ணுக்கும் இதை அப்படியே சொல்லிக்கொடுத்துடணும்!"

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'சார், அது உதையில்லை, சூடு' என்று நாலு வார்த்தை. சொல்லவில்லை. "சரிங்க சார்" என்றேன். திங்கட்கிழமை விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவில் நின்று ஊதினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சுதந்திர தின விழா, ஆண்டு விழா, அதிகாரிகள் வருகை... எதுவானாலும் தாளாளர் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், அந்தக் குதி!" என்பார். நூறு பெண்கள் ஒன்றாகக் குதிப்பார்கள். நூறு ஸ்ஸ்ஆ. நிற்கிற காலைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குதியை நிறுத்தச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் சம்பளம் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது — பார்க்க நல்லாத்தான் இருந்தது.

விஷயத்தைப் பச்சையம்மாவிடம் சொன்னபோது, "அப்ப பெயில் போட்டதும் குதிதான், வேலை குடுத்ததும் குதிதானா? என் சாக்கு வீணாப் போச்சே!" என்றாள்.

சரி, போன ஞாயிறுக்கு வருவோம். பலகை உடைத்த பெண்ணைத் தேடிக் கீழே இறங்கிப் போனேன். மெடலைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா செஞ்ச கண்ணு. அந்தக் குதி எதுக்கு?"

"அது பெரம்பலூர் ஸ்டைல் பாட்டி. எங்க மிஸ்ஸு சொல்லிக்குடுத்தாங்க. அவங்களுக்கு அவங்க ஸ்கூல் பி.டி. மிஸ்ஸு சொல்லிக்குடுத்தாங்களாம். குதிச்சாதான் பவர் ஏறும்."

நாற்பது வருஷமாக நெஞ்சில் கிடந்ததை இறக்கிவைத்துவிட முடிவு செய்தேன். குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"அதெல்லாம் இல்லடா கண்ணு. அந்தக் காலத்துல தரை சுட்டுச்சு. கால் பொறுக்காம குதிச்சோம். அவ்வளவுதான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. பெரிய மனசோடு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"இல்ல பாட்டி. நீங்க டேக்வாண்டோ படிச்சிருந்தா ஒங்களுக்குப் புரியும்."

"சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்... குதிக்காமல்.